பல் போனால் சொல் போக வேண்டுமா?



உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கக் கூடும். வலீமா வீட்டில் சஹனைச் சுற்றி எல்லோரும் அமர்ந்திருக்க, அவர் மட்டும் "எனக்குப் பசியில்லை" என்று ஒதுங்கிக் கொள்வார். சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மறைத்துக் கொள்வார். இறைச்சி ஆக்கிய நாளில் ஆணத்தை மட்டும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து விழுங்குவார். ஏன் என்று கேட்டால், "வயது போனால் இப்படித்தான் மகள்" என்பார். நாமும் அதை நம்பி நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

எங்கள் வீட்டில் அப்படி இருந்தவர் என் உம்மா.

உம்மா முப்பது வருடங்களாக அயலிலுள்ள பெண் பிள்ளைகளுக்கு வீட்டுத் திண்ணையில் வைத்துக் குர்ஆன் ஓதிக் கொடுத்தவர். பன்னிரண்டு வருடங்களாகச் சீனி வியாதி. முரசு வீங்குவதும் இரத்தம் கசிவதும், பல் ஆடுவதும், ஒவ்வொன்றாகப் பிடுங்குவதுமாகக் காலம் போயிற்று. ஐம்பத்தெட்டு வயதில் மேல் முன்பற்களும் போய்விட்டன.

'ஸே' என்ற எழுத்தைச் சரியாக மொழிய நாவின் நுனி மேல் முன்பற்களின் ஓரத்தைத் தொட வேண்டும். 'ஃபே' என்ற எழுத்துக்கு மேல் முன்பற்கள் கீழுதட்டில் பட வேண்டும். பல்லில்லாத வாயில் இரண்டும் காற்றாகப் போயின. ஒரு நாள் மாலை, ஏழு வயதுப் பிள்ளையொன்று உம்மாவின் வாயிலிருந்து வழுகிய ஓசையை அப்படியே திருப்பி ஓதியது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பிள்ளைகளை வேறு ஆளிடம் அனுப்பிவிட்டார். "நான் பிழையாக ஓதிக் கொடுத்தால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டுமே" என்றார்.

'பல்லுப் போனால் சொல்லுப் போச்சு' என்ற பழமொழியின் பாரம் எங்களுக்கு அன்றுதான் விளங்கியது. அதன் பின்னர் நாங்கள் அலைந்த அலைச்சலும், செய்த பிழைகளும், கற்ற பாடங்களும் உங்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். வயது போவதால் மட்டும் பல் விழுவதில்லை. சூத்தையும் முரசு நோயுமே பற்களைக் கொண்டு போகின்றன. சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு முரசு நோய் வேகமாக முற்றுகிறது. வெற்றிலையும் புகைத்தலும் அதற்குத் துணை போகின்றன. ஆகவே பல் ஆடத் தொடங்கிய அன்றே வைத்தியரிடம் போனால் பல பற்களைக் காப்பாற்றலாம். எங்கள் உம்மாவுக்கு நாங்கள் அதைச் செய்யவில்லை.

அவசரத்தில் எடுக்க இருந்த முடிவு

கட்டாரில் இருக்கும் நானாவுக்குச் செய்தி போனது. "காசைப் பற்றி யோசிக்க வேண்டாம். இம்பிளான்ட் போடுங்கள். சொந்தப் பல் மாதிரியே இருக்குமாம்" என்றார். விளம்பரத்தைப் பார்த்து ஒரு தனியார் இடத்துக்குப் போனோம். வாயைப் பார்த்தார்கள், ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள், "ஆறு இம்பிளான்ட் போடலாம், அடுத்த கிழமையே தொடங்கலாம்" என்று முற்பணமும் கேட்டார்கள். உம்மாவுக்குச் சீனி இருக்கிறதா, என்ன மாத்திரை குடிக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வாப்பாவின் மனம் ஒப்பவில்லை. "இன்னொருவரிடமும் கேட்போம்" என்றார். பேராதனையிலுள்ள பல் போதனா வைத்தியசாலைக்கு உம்மாவை அழைத்துச் சென்றோம். அங்கே இருந்த வைத்தியர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னர் மருந்துத் துண்டுகளைக் கேட்டார். மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்துவரச் சொன்னார். முடிவு பத்தைத் தாண்டியிருந்தது. "உம்மா, இந்த நிலையில் எலும்பில் எதைப் போட்டாலும் நிற்பது கஷ்டம். முதலில் சீனியைக் குறையுங்கள். இப்போதைக்கு நல்ல கட்டுப்பல் செட் ஒன்று கட்டித் தருகிறோம். மற்றதைப் பிறகு யோசிப்போம்" என்றார்.

இந்த வரிசையை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள் சகோதரிகளே. உடம்பைச் சரிசெய்வது முதலாவது, பல் கட்டுவது இரண்டாவது.

கட்டுப்பல் என்பது என்ன?

எல்லாப் பற்களும் போனவர்களுக்கு முழுச் செட். சில பற்கள் மட்டும் போனவர்களுக்குப் பகுதிச் செட். பெரும்பாலும் அக்ரிலிக் என்ற இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். பகுதிச் செட்டைக் குரோம் கோபால்ட் என்ற உலோகத்திலும் செய்யலாம். அது மெல்லியது, உறுதியானது, விலை கூடியது. பக்கத்துப் பற்களை அராவி அவற்றின் மேல் நிலையாகப் பொருத்தும் 'பிரிட்ஜ்' முறையும் உண்டு.

பல் பிடுங்கிய பின் புண் ஆறி, எலும்பு ஓரளவு அமைவதற்குச் சில கிழமைகள் முதல் மூன்று மாதங்கள் வரை காத்திருப்பது நல்லது. பிடுங்கிய நாளிலேயே செட் போடவும் முடியும். ஆனால் முதல் வருடத்தில் தாடை எலும்பு வேகமாகச் சுருங்குவதால் அந்தச் செட் விரைவில் தளர்ந்துவிடும். உட்புறத்தை மீண்டும் நிரப்ப வேண்டி வரும்.

முறையாகச் செய்யும் முழுச் செட்டுக்கு ஐந்து தடவைகளாவது போக வேண்டும். முதலில் அச்செடுப்பார்கள். பின்னர் வாய்க்கேற்ற தட்டில் இரண்டாவது அச்சு. அதன் பின்னர் மெழுகுக் கட்டைகளை வைத்து மேல்தாடையும் கீழ்த்தாடையும் சந்திக்கும் உயரத்தை அளப்பார்கள். அடுத்து மெழுகில் பற்களை வைத்துப் போட்டுக் காட்டுவார்கள். கடைசியில்தான் செட் கையில் வரும். மெழுகில் காட்டும் நாள் முக்கியமானது. பல்லின் நிறம், நீளம், சிரிப்பு, பேச்சு எல்லாவற்றையும் அன்றே பார்த்துச் சொல்லிவிட வேண்டும். எங்கள் உம்மா அன்று வைத்தியரின் முன்னிலையில் ஸூரத்துல் ஃபாத்திஹாவை மெதுவாக ஓதிப் பார்த்தார். முன்பல் சற்று உள்ளே இருப்பதாகச் சொன்னார். வைத்தியர் முகம் சுளிக்காமல் சரிசெய்து கொடுத்தார்.

கட்டுப்பல்லோடு வாழப் பழகுதல்

செட் கிடைத்த அன்றே எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணினால் ஏமாந்து போவீர்கள். முதல் இரண்டு கிழமைகள் வாய் நிறைய எதையோ வைத்திருப்பது போல இருக்கும். எச்சில் அதிகமாக ஊறும். பேச்சுக் குழறும். முரசில் அங்குமிங்கும் புண் வரும். நம் வீடுகளில் எத்தனையோ செட்டுகள் இந்த இரண்டு கிழமைக்குள்தான் அலுமாரிக்குள் போய்ச் சேர்கின்றன.

மேல் செட் அண்ணத்தை மூடி, எச்சிலின் ஒட்டுதலால் நிற்கிறது. கீழ் செட் குதிரை லாடம் போன்றது. அதற்கு அமர இடம் மேல் செட்டின் பாதியளவே. நாவும் அதைத் தள்ளிக் கொண்டே இருக்கும். ஆகவே கீழ் செட் ஆடுவது வைத்தியரின் குற்றமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கடிக்கும் பலமும் சொந்தப் பல்லின் நாலில் ஒரு பங்கு, சில வேளை ஐந்தில் ஒரு பங்குதான். இதை முன்கூட்டியே அறிந்திருந்தால் மனம் உடையாது.

உம்மாவுக்கு நாங்கள் இப்படிப் பழக்கினோம். முதல் நாட்களில் கஞ்சி, பால் ஊற்றிய பிட்டு, நன்கு அவிந்த பருப்பு. பின்னர் இடியப்பம், சோறு. எதையும் சிறிதாக வெட்டி, இரண்டு பக்கக் கொடுப்பிலும் சமமாக வைத்து மெல்லும்படி சொன்னோம். முன்பல்லால் கடித்து இழுத்தால் செட் பின்னால் கிளம்பும். முக்கியமாக மீன் முள்ளில் கவனம் தேவை. அண்ணம் மூடியிருப்பதால் முள் இருப்பதும் தெரியாது, தேநீரின் சூடும் தெரியாது. மீனை நாமே முள் நீக்கிக் கொடுப்பது நல்லது.

பேச்சுக்கு ஒரே மருந்து சத்தமாக வாசிப்பது. வைத்தியர் "பத்திரிகையைச் சத்தமாக வாசியுங்கள் உம்மா" என்றார். உம்மா பத்திரிகையை வாசிக்கவில்லை. சுபஹுக்குப் பின்னர் அறைக் கதவைச் சாத்திக் கொண்டு ஓதினார். முதல் கிழமை கதவுக்கு வெளியே நின்று கேட்ட எனக்கே கண் கலங்கியது. ஒரு மாதம் போனது. ஒரு நாள் காலை 'ஃபே' தெளிவாக விழுந்தது.

செட்டைப் பராமரிக்கும் முறை இதுதான்:

1. சாப்பிட்ட பின் கழற்றிக் கழுவுங்கள். நாளுக்கு ஒரு தடவையாவது மெல்லிய பிரஷும் சவர்க்காரமும் போட்டுத் தேய்க்க வேண்டும். பற்பசை வேண்டாம், அதிலுள்ள துகள்கள் அக்ரிலிக்கைக் கீறிவிடும்.

2. கழுவும்போது பேசினில் தண்ணீர் நிரப்புங்கள், அல்லது ஒரு துவாயை விரியுங்கள். தவறி விழுந்தாலும் உடையாது.

3. கொதிநீர் படக் கூடாது; செட் வளைந்துவிடும்.

4. இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். முரசும் ஓய்வெடுக்க வேண்டும். கழற்றாமல் உறங்குவோருக்கு அண்ணத்தில் பங்கசு படர்ந்து சிவந்து போகும். ஜப்பானில் 85 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தப்பட்டு 2015ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், கட்டுப்பல்லுடன் உறங்கியவர்களுக்கு நியுமோனியா வரும் ஆபத்து இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது.

5. முரசையும் நாவையும் மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். பல் இல்லாத வாய்க்கும் சுத்தம் வேண்டும்.

6. தளர்ந்த செட்டைப் பசை போட்டு வருடக் கணக்கில் ஓட்ட வேண்டாம். நாகம் கலந்த பசையை நெடுங்காலம் அளவுக்கு மிஞ்சிப் பாவித்து நரம்புத் தளர்ச்சிக்கு ஆளானவர்கள் உண்டு. செட்டின் உட்புறத்தை நிரப்பித் திருத்த முடியும். ஐந்து முதல் பத்து வருடங்களில் புதுச் செட் தேவைப்படலாம்.

7. சத்திர சிகிச்சைக்குப் போகும்போது செட் இருப்பதை வைத்தியரிடமும் தாதியிடமும் சொல்லிக் கழற்றி வையுங்கள். மயக்க நிலையில் செட்டை விழுங்கிய 72 வயது முதியவரின் தொண்டையில் அது எட்டு நாட்கள் சிக்கியிருந்த சம்பவம் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையொன்றில் 2019ஆம் ஆண்டில் பதிவாகியுள்ளது.

இன்னுமொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செட் பட்ட இடத்தில் வரும் புண், செட்டைச் சரிசெய்த பின்னரும் இரண்டு மூன்று கிழமைகளில் ஆறாவிட்டால் உடனே காட்டுங்கள். வெற்றிலை போடுபவர்கள் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. புகையிலை சேர்க்காத வெற்றிலையும் பாக்கும் கூடப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. வாய்ப் புற்றுநோய் நம் நாட்டில் அதிகம். 'செட் உரசிய புண்தானே' என்று இருந்தவர்களின் கதைகள் நம் ஊர்களிலேயே உண்டு.

இம்பிளான்ட் என்றால் என்ன?

சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரனெமார்க், 1952ஆம் ஆண்டளவில் முயலின் எலும்புக்குள் டைட்டேனியக் கருவியொன்றைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்து கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கருவியைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை; எலும்பு அதனோடு இறுக ஒட்டியிருந்தது. அந்த எதிர்பாராத சம்பவமே இன்றைய இம்பிளான்டின் தொடக்கம். 1965ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு அவர் பொருத்திய இம்பிளான்டுகள், அந்த மனிதர் 2006ஆம் ஆண்டில் இறக்கும்வரை நாற்பது வருடங்களுக்கு மேல் நின்றன.

இம்பிளான்ட் என்பது பல் அல்ல, பல்லின் வேர். சுமார் ஒரு சென்ரிமீற்றர் நீளமான டைட்டேனியத் திருகாணி. விறைப்பூசி போட்டு முரசைத் திறந்து, எலும்பில் மெதுவாகத் துளையிட்டு அதைப் பொருத்துவார்கள். எலும்பு அதைப் பற்றிக் கொள்ள வழமையாகக் கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம் வரை செல்லும். அதன் பின்னரே இணைப்புத் துண்டையும் பல்லையும் வைப்பார்கள். எலும்பு போதாவிட்டால் முதலில் எலும்பு நிரப்ப வேண்டும். அதற்கும் மாதங்கள் செல்லும். 'ஒரே நாளில் பல்' என்ற விளம்பரம் சிலருக்குப் பொருந்தலாம், எல்லோருக்கும் அல்ல.

தக்க ஆளுக்குத் தக்க முறையில் வைத்தால் பத்து வருடங்களின் பின்னரும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை நிற்கின்றன. இது பெரிய அருட்கொடைதான். ஆயினும் ஆபத்துகளையும் அறிந்து கொள்ள வேண்டும்.

கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. துளை அதில் பட்டால் உதடும் நாடியும் விறைத்துப் போகும். சிலருக்கு அது நிரந்தரமாகலாம். மேல் கொடுப்புப் பகுதியில் துளை ஆழமானால் மூக்கோடு சேர்ந்த எலும்பறைக்குள் போய்விடும். தொடக்கத்திலேயே எலும்பு ஒட்டாமல் கழன்று வருவதும் உண்டு. புகைப்பவர்களுக்கு இம்பிளான்ட் தவறும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு.

நீண்ட காலப் பகைவன் இம்பிளான்டைச் சுற்றி வரும் முரசு நோய். இம்பிளான்ட் வைத்தவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இது வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சொந்தப் பல்லில் முரசு நோய் வந்தால் ஆட்டம், கூச்சம், வலி என்று எச்சரிக்கை கிடைக்கும். இம்பிளான்டில் பெரும்பாலும் வலி இல்லை; எலும்பு கரைந்த பின்னர்தான் தெரிய வரும். இம்பிளான்டில் சூத்தை வராது என்பது உண்மை. அதனால் துலக்கத் தேவையில்லை என்பது பெரும் பொய். மிஸ்வாக் செய்வது சுன்னத்து. அதோடு இடுக்குகளுக்கான சிறிய பிரஷும் வேண்டும்.

பெண்களாகிய நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்று: மாதவிடாய் நின்ற பின் எலும்புத் தேய்வுக்காகப் பலர் கிழமைக்கு ஒரு மாத்திரை குடிக்கிறார்கள், அல்லது ஊசி போடுகிறார்கள். அந்த மருந்துகளில் சில, பல் பிடுங்கிய இடத்திலோ இம்பிளான்ட் வைத்த இடத்திலோ தாடை எலும்பு ஆறாமல் இறந்து போகக் காரணமாகலாம். அரிதாக நடப்பதுதான், ஆனாலும் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இரத்தத்தை ஐதாக்கும் மாத்திரை குடிப்பவர்களும் சொல்ல வேண்டும். நீங்களாகவே எந்த மருந்தையும் நிறுத்தி விடாதீர்கள்.

உம்மாவின் இரண்டாவது பயணம்

ஒரு வருடத்தில் உம்மாவின் சீனி ஏழுக்குச் சற்று மேலே இறங்கியது. மேல் செட் நன்றாக நின்றது. கீழ் செட்தான் பாடாய்ப் படுத்தியது. வைத்தியர் ஒரு நடுவழியைச் சொன்னார்: கீழே முன்பக்கம் இரண்டே இரண்டு இம்பிளான்டுகள், அவற்றின் மேல் அதே செட்டைப் பொத்தான் போல 'டக்'கென்று மாட்டிக் கழற்றலாம். கனடாவில் 2002ஆம் ஆண்டில் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடையில் பல்லில்லாதவர்களுக்கு இதுவே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்ததையும் விளக்கினார். முதலில் எங்களிடம் கேட்ட ஆறுக்குப் பதிலாக இரண்டு!

இலேசாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டில் ஒன்று எலும்பில் ஒட்டவில்லை. மூன்றாம் மாதம் அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. உம்மா சோர்ந்து போனார். "எனக்கு இது நஸீபில்லை மகள்" என்றார். புண் ஆறும்வரை காத்திருந்து மீண்டும் வைத்தார்கள். இரண்டாவது முறை, அல்ஹம்துலில்லாஹ், நின்றது.

செலவு எங்கே போகிறது?

கொழும்பு தேசிய பல் வைத்தியசாலை, பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை போன்ற அரசாங்க இடங்களில் செட் கட்டலாம். காத்திருக்க வேண்டும், பல தடவைகள் போய்வர வேண்டும். ஆனால் கை கடிக்காது. தனியாரிடம் முழுச் செட்டுக்குப் பத்தாயிரக் கணக்கில் செலவாகும். இம்பிளான்ட் என்றால் பல்லோடு சேர்த்து ஒன்றுக்கே இலட்சத்தைக் கடந்த தொகை. திருகாணியும் துண்டுகளும் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது இவற்றின் விலையும் ஏறியது.

விளம்பரத்தில் சொல்லும் விலை பல வேளைகளில் திருகாணிக்கு மட்டுமே. எக்ஸ்ரே, முப்பரிமாண ஸ்கேன், பல் பிடுங்குதல், எலும்பு நிரப்புதல், இணைப்புத் துண்டு, மேலே வைக்கும் பல், வருடாந்தப் பரிசோதனை எல்லாம் வேறு வேறாக வரும். பொத்தான் முறையில் உள்ளிருக்கும் சிறு வளையங்களும் தேயும். அவ்வப்போது மாற்ற வேண்டும்.

மலிவைத் தேடி இந்தியாவுக்குப் போவோரும் உண்டு. அங்கே நல்ல வைத்தியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆயினும் ஆறு மாதம் கழித்து ஒரு திருகாணி தளர்ந்தால் யாரிடம் போவது என்று யோசித்துக் கொள்ளுங்கள். இம்பிளான்டின் கம்பெனிப் பெயர், அளவு, இலக்கம் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அது இல்லாவிட்டால் பின்னர் பொருத்தமான துண்டு கிடைக்காது.

பதிவில்லாத 'பல் கட்டுபவர்கள்' பற்றியும் எச்சரிக்கை தேவை. ஒரே இருப்பில் பல்லை முரசோடு ஒட்டித் தருவார்கள். அதன் கீழே உணவு அழுகி, பக்கத்திலிருக்கும் நல்ல பற்களும் போகும். வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

மார்க்க ரீதியான சந்தேகங்கள்

பல்லைக் கட்டுவது படைப்பை மாற்றுவதாகாதா என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரழி) அவர்கள் போரில் மூக்கை இழந்து வெள்ளியால் மூக்கு வைத்தபோது அது நாற்றமெடுக்கவே, தங்கத்தால் வைத்துக் கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. இழந்ததை ஈடுசெய்வது அழகுக்காகப் படைப்பை மாற்றுவது போன்றதல்ல என்று உலமாக்கள் விளக்குகிறார்கள்.

வுழூவைப் பொறுத்தவரை, ஷாபிஈ மத்ஹபில் வுழூவிலும் குளிப்பிலும் வாய் கொப்பளிப்பது சுன்னத்து. ஆகவே செட்டைக் கழற்றாவிட்டாலும் வுழூ நிறைவேறும். ஹனபி மத்ஹபில் கடமையான குளிப்பின்போது வாய் கொப்பளிப்பது பர்ளு என்பதால், கழற்றக் கூடிய செட்டைக் கழற்றிக் கொள்வது பேணுதலானது.

எலும்பு நிரப்பும் பொருள் மாடு, பன்றி, மனிதர் ஆகியோரின் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது, செயற்கையாகவும் கிடைக்கிறது. மேலே மூடும் மெல்லிய சவ்வு பல வேளை பன்றியிலிருந்து எடுக்கப்படுவது. வைத்தியர் தாமாக இதைச் சொல்லாமலிருக்கலாம். "டாக்டர், இது எதிலிருந்து செய்தது? செயற்கையானது இருக்கிறதா?" என்று சிகிச்சைக்கு முன்னரே கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மாற்று வழி உண்டு. சந்தேகமிருந்தால் உங்கள் பகுதி உலமாக்களிடம் தெளிவு பெறுங்கள்.

பல் பிடுங்குவதையும் இம்பிளான்ட் வைப்பதையும் நோன்பு மாதத்துக்கு வெளியே வைத்துக் கொள்வது நல்லது. இரத்தம் விழுங்கப்படலாம், நேரத்துக்கு மருந்தும் குடிக்க வேண்டும். செட் அணிந்தபடி நோன்பு நோற்பதில் தடையில்லை. பசை பாவிப்பவர்கள் அதை ஸஹருடன் முடித்துக் கொள்ளட்டும்.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

1. என் வாய்க்குச் செட், பிரிட்ஜ், இம்பிளான்ட் ஆகிய மூன்றில் எது பொருந்தும்? ஏன்?

2. என் சீனி, பிரஷர், மாத்திரைகள் இதற்குத் தடையாகுமா?

3. எலும்பு போதுமா? ஸ்கேன் எடுத்துப் பார்த்தீர்களா?

4. தொடக்கம் முதல் முடிவு வரை மொத்தச் செலவு எவ்வளவு? எழுதித் தருவீர்களா?

5. இம்பிளான்ட் ஒட்டாமல் போனால் என்ன செய்வீர்கள்? அதற்கு மறுபடி காசா?

6. வருடத்துக்கு எத்தனை தடவை வர வேண்டும்?

இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லாத இடத்தில் முற்பணம் கட்டாதீர்கள்.

சகோதரிகளே! செட் ஏழைகளுக்கு, இம்பிளான்ட் பணக்காரர்களுக்கு என்று எண்ண வேண்டாம். நன்றாகக் கட்டி நன்றாகப் பழகிய செட்டோடு நிம்மதியாக வாழ்பவர்கள் ஏராளம். இலட்சங்களைக் கொட்டியும் துலக்க மறந்து இழந்தவர்களும் உண்டு. எதைத் தெரிந்தாலும் உடம்பை அறிந்து தெரிவதும், ஒவ்வொரு நாளும் பேணுவதும்தான் காரியம்.

இன்று உங்கள் உம்மாவின், மாமியின், மூத்தம்மாவின் பக்கத்தில் ஒரு நிமிடம் அமருங்கள். கடைசியாக எப்போது இறைச்சி சாப்பிட்டார், எந்தப் பல் நோகிறது, செட் எங்கே கிடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நம் பல் முளைத்த நாளை ஊருக்கே சொல்லி மகிழ்ந்தவர்கள், தம் பல் போன நாளை நம்மிடமிருந்து மறைக்கிறார்கள்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் இப்போது அஸருக்குப் பின்னர் மீண்டும் பாய் விரிகிறது. ஒன்பது பிள்ளைகள். சென்ற மாதம் அதிலொரு சின்னவள், "உம்மம்மா, உங்கட பல் நல்ல வடிவு" என்றாள். உம்மா சிரித்தார். முந்தானை தோளிலேயே கிடந்தது. "சரி சரி, 'ஃபே'யைச் சொல்லு பார்ப்போம்" என்றார்.